நாற்பது வயதுக் காருக்குப் புகைச் சான்றிதழ் எதற்கு?

குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய அப்பா 1983இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் ஓடும் நிலையில் வீட்டில் நிற்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று முறை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் எடுப்பதோடு சரி. அண்மையில் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது கார்பன் மோனாக்சைடு 4.1 சதவீதம் என்று கருவி காட்டியதால், சான்றிதழ் தர முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தில் நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்குப் பரிசோதனையே கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அப்படியிருக்க இங்கே மட்டும் ஏன் இந்தத் தொல்லை, பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து விலக்குக் கேட்டால் என்ன என்பது அவருடைய கேள்வி.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டத்தில் வயதைக் காட்டிப் புகைப் பரிசோதனையிலிருந்து தப்பிக்க வழியில்லை. அப்படி ஒரு வழியைக் கேட்டு வாங்குவதும் பழைய கார்களுக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. உங்கள் பத்மினி தவறியதற்குக் காரணம் அதன் வயதே அல்ல, அது நிற்கும் உயரம்தான் என்று நினைக்கிறேன். நான் வண்டி பழுது பார்ப்பதைத் தொழிலாகவும், பிறகு அதையே பிள்ளைகளுக்குப் பாடமாகவும் வைத்துக்கொண்டு இந்த மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன். என் வீட்டு ஷெட்டிலும் 1978ஆம் ஆண்டுப் பெட்ரோல் ஜீப் ஒன்று இருக்கிறது. ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவரின் எரிச்சல் எனக்குத் தெரியாததல்ல.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆவது விதிப்படி, முதல் பதிவு நடந்து ஓராண்டு கழிந்த எந்த வாகனமும் செல்லுபடியாகும் புகைச் சான்றிதழை வைத்திருக்க வேண்டும். பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ், அதாவது நம் நாட்டுப் புகை வரம்பு நிலைகளின் பெயர்; எண் ஏற ஏற வரம்பு இறுகும். பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்குச் சான்றிதழ் ஓராண்டு செல்லும். அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். காப்பீட்டைப் புதுப்பிக்கவும் இந்தச் சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருந்தது. அதனால் காப்பீடே இல்லாத வண்டிகள் சாலையில் பெருகுகின்றன என்று காப்பீட்டு நிறுவனங்கள் முறையிட்டதை ஏற்று, 2024இல் அந்த நிபந்தனையை நீதிமன்றமே நீக்கிவிட்டது. சான்றிதழ் வைத்திருக்க வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது அந்த விதியோடு உள்ள அட்டவணையைத்தான். அது எல்லா வண்டிக்கும் ஒரே அளவை வைக்கவில்லை. பி.எஸ். 2க்கு முந்தைய பெட்ரோல் கார், ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரையிலும், எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்கு வரையிலும் இருக்கலாம். பி.எஸ். 2, பி.எஸ். 3 கார்களுக்கு இவை 0.5 சதவீதமும் 750 பங்கும் ஆகும். பி.எஸ். 4 காருக்கு 0.3 சதவீதமும் 200 பங்கும்தான். உங்கள் காருக்கு இருக்கும் வரம்பு 2012இல் வந்த பி.எஸ். 3 காரின் வரம்பைப் போல ஆறு மடங்கு. 2018இல் வந்ததைப் போலப் பத்து மடங்கு. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி என்ற ஒன்று நம் நாட்டுப் புதிய பெட்ரோல் கார்களில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று. 1983ஆம் ஆண்டுக் காரிடம் அது இருக்காது என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரும், பொறி விட வைக்கும் பாயின்ட்டும் பிளக்கும் ஒழுங்காக இருந்தால் அந்தக் காலத்து இன்ஜின் எவ்வளவு சுத்தமாக ஓட முடியுமோ, அவ்வளவைத்தான் கேட்டிருக்கிறார்கள். வயதுக்கான சலுகை அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் விலக்கும் கொடுத்தால், பயன் அடைவது ஒழுங்காகப் பராமரிக்கப்படாத வண்டி மட்டுமே; ஏனென்றால் ஒழுங்கான வண்டி இப்போதே தேறிவிடும்.

நீங்கள் சொல்லும் இங்கிலாந்து விவரம் சரிதான். 2018 மே மாதத்திலிருந்து அங்கே நாற்பது ஆண்டு கடந்த, கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. அதற்கு முன் 2012 முதல், 1960க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் அந்த விலக்கு இருந்தது. ஆனால் அந்த விலக்கு எந்த நினைப்பில் கொடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அங்கே நாற்பது வயதுக் கார் பெரும்பாலும் ஆசைக்கு வைத்திருக்கும் கார்; ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் எடுப்பார்கள், மற்ற நாள்களில் துணி போர்த்திக் கிடக்கும். ஜெர்மனி வேறு விதமாக யோசித்தது. முப்பது ஆண்டு கடந்து நல்ல நிலையில் உள்ள கார்களுக்குத் தனி எண் பலகை கொடுத்து, நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வட்டங்களுக்குள் வர அனுமதிக்கிறார்கள். ஆனால் 1969 ஜூலைக்குப் பிறகு முதலில் பதிவான பெட்ரோல் கார் என்றால், அந்த எண் பலகை இருந்தாலும் புகைப் பரிசோதனை உண்டு.

கலிஃபோர்னியாவின் கதை இன்னும் பொருத்தமானது. முப்பது வயதான கார்களுக்கு ஆண்டுதோறும் தானாக விலக்குக் கிடைக்கும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். வருடம் ஏற ஏற விலக்குப் பெறும் கார்களின் எண்ணிக்கையும் ஏறியது. 2004இல் சட்டம் இயற்றி அதை நிறுத்தினார்கள். இப்போது 1975 வரையிலான மாடல்களுக்கு மட்டும்தான் விலக்கு. பழைய கார்களைச் சேர்ப்பதில் பேர்போன தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜே லெனோவின் ஆதரவோடு, முப்பத்தைந்து ஆண்டு கடந்த கார்களுக்கு விலக்கு அளிக்கும் மசோதா ஒன்று 2025இல் அங்கே செனட்டைத் தாண்டியது. கீழவையின் நிதிக்குழுவில் அது நின்றுபோனது. வருடா வருடம் தானாக நகரும் விலக்கைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவது கடினம் என்பதைக் கார் கலாசாரத்துக்கே தலைநகரமான ஒரு மாநிலம் பட்டு அறிந்திருக்கிறது.

இனி இங்கே வருவோம். நீலகிரியில் நாற்பது வயது வண்டி என்றவுடன் என் கண்ணுக்கு முதலில் தெரிவது போர்வை போர்த்திய பத்மினி அல்ல. முத்தொரையிலோ கேத்திப் பள்ளத்தாக்கிலோ விடியற்காலையில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் முனகி ஏறும் பழைய டீசல் ஜீப்தான். எஸ்டேட்டிலிருந்து பசுந்தேயிலை கொண்டுவருவதும், மழையில் சேறான சந்துகளில் ஆள் ஏற்றிப் போவதும் அவைதான். சேஸிஸ் பழையது, இன்ஜின் இரண்டு முறை மாற்றியது, பாடி உள்ளூரில் கட்டியது. அவை ஆசைக்கு வைத்தவை அல்ல, பிழைப்புக்கு வைத்தவை. நாற்பது வயது என்று ஒரு கோடு போட்டு விலக்குக் கொடுத்தால், மாதம் மூன்று முறை கோயிலுக்குப் போகும் உங்கள் காரும், நாள் முழுக்கப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிக் கரும்புகை விட்டுப் போகும் ஜீப்பும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்கும். வயதுக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புகையை அளக்கச் சைலன்சருக்குள் விடும் குழாய்க்குத் தெரியும்.

"என் கார் ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம், அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கார் வந்த ஆண்டில் நம் நாட்டில் கிலோமீட்டருக்கு இவ்வளவுதான் புகை என்ற வரம்பே கிடையாது. முதல் வரம்பு 1991இல் வந்தது. அதன்படி எடை குறைந்த பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 14.3 கிராமும், கனமான கார் 27.1 கிராம் வரையிலும் கார்பன் மோனாக்சைடு விடலாம். 2020இல் வந்த பி.எஸ். 6 பெட்ரோல் காருக்கு அந்த வரம்பு 1 கிராம். ஓட்டிச் சோதிக்கும் முறை இடையில் மாறியிருப்பதால் ஒப்பீடு தோராயமானதுதான் என்றாலும், பத்மினி 1991ஆம் ஆண்டு வரம்புக்குள் இருப்பதாகவே தாராளமாக வைத்துக்கொண்டால்கூட, அது ஓடும் 1,000 கிலோமீட்டர் ஒரு புதிய கார் ஓடும் 14,000 கிலோமீட்டருக்குச் சமம். அதாவது பக்கத்து வீட்டுக்காரர் தம் புதிய காரை ஆண்டு முழுக்கக் கோயம்புத்தூருக்கும் குன்னூருக்கும் ஓட்டி விடும் புகையை உங்கள் கார் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போயே விட்டுவிடுகிறது. அதுவும் ஒழுங்காக இருக்கும் காரில். கலவை கெட்டுப்போன காரில் எவ்வளவு என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

சுற்றுலா வண்டிகளைப் பற்றிய குறையும் உங்கள் கேள்வியில் ஓரமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்து, 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்த பிறகும், சீசனில் காட்டேரியிலிருந்து வரிசை நிற்பதை நானும் பார்க்கிறேன். மொத்தப் புகையில் அவற்றின் பங்கே பெரியது என்பதை மறுக்க மாட்டேன். அது அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டியதற்குக் காரணமே ஒழிய, நம் வண்டிகளைச் சோதிக்காமல் விடுவதற்குக் காரணம் அல்ல. மலை ரயில் புகை விடுகிறதே என்றும் சிலர் சொல்வார்கள். அது 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அதன் நீராவி இன்ஜின்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நிலக்கரியில் ஓடிய அவற்றில் சிலவற்றை எண்ணெயில் ஓடும்படி ரயில்வேயே மாற்றியிருக்கிறது. அத்தனை பேர் கண்காணிக்கும் ஒன்றோடு யாரும் கண்காணிக்காத நூற்றுக்கணக்கான வண்டிகளை ஒப்பிடுவது பொருந்தாது.

விலக்குக் கேட்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டெல்லியைப் பாருங்கள். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று தளர்த்திய நீதிமன்றம், அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. டெல்லியில் உங்கள் பத்மினி எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் தெருவுக்கு வர முடியாது. அங்கே வயதே தீர்ப்பு. அந்தத் தடையை எதிர்த்தவர்கள் எல்லோரும் சொன்ன வாதம் ஒன்றுதான்: வயதைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள். அது சரியான வாதம். ஆனால் அதே வாயால் நாளை இங்கே "வயதைப் பார்த்து எங்களை விட்டுவிடுங்கள், புகையைப் பார்க்காதீர்கள்" என்று கேட்டால், அந்த வாதத்தை நாமே விட்டுக்கொடுத்தவர்கள் ஆவோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும் அந்தக் காகிதம்தான் பழைய காருக்கு நாளைக்கு நிற்கப்போகும் ஒரே சாட்சி.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த தனிப் பதிவு முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். அன்றாட உபயோகம் கூடாது. உங்கள் கார் அந்த வயதை எட்டுவது 2033இல். அப்போதும் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் எடுக்க விரும்பினால் அந்த எண் உங்களுக்கு உதவாது.

கேட்பதற்கு நியாயமான ஒன்று இருக்கிறது. குறைவாக ஓடும் பழைய தனியார் கார்களுக்கு ஆறு மாதத்தை ஓராண்டாக நீட்டித் தரச் சொல்லலாம். ஆறு மாதத்தில் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத காரின் ரிங் பீஸும் வால்வும் அதற்குள் தேய்ந்துவிடப் போவதில்லை. அதைவிட முக்கியமானது உயரத்தைப் பற்றியது. 115ஆவது விதியின் அட்டவணையில் வண்டியின் வகை, எரிபொருள், தயாரான காலம் எல்லாம் உண்டு. அது ஓடும் இடத்தின் உயரத்துக்கு ஒரு பத்தி கிடையாது. சமவெளியில் வைத்து எழுதிய 3 சதவீதத்தை இங்கே எட்டுவது அங்கே எட்டுவதைவிடச் சிரமம். பழைய வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதுவதானால், இதைப் பற்றி எழுதலாம்.

ஏன் சிரமம் என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் 4.1 இங்கேதான் பிறந்தது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி குன்னூரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கும், ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கும் குறைவு. புதிய கார்களில் ஆக்சிஜன் அளக்கும் சென்சாரும் கணினியும் இருப்பதால் பெட்ரோலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும். பத்மினியின் சோலெக்ஸ் கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. தொண்டைக்குள் பாயும் காற்றின் வேகத்துக்கு ஏற்ப ஜெட் என்ற சிறு துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அந்தக் காற்று கனமானதா மெலிந்ததா என்று அது பார்ப்பதில்லை. கணக்குப்படி மேட்டுப்பாளையத்தில் சரியாக வைத்த கலவை குன்னூர் வந்து சேரும்போது ஏறத்தாழ எட்டு சதவீதம் ரிச் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிவிடும். கலவை ஒரு சதவீதம் ரிச் ஆனால் புகையில் கார்பன் மோனாக்சைடு தோராயமாக 0.3 சதவீதம் கூடும். கீழே 1.6 சதவீதம் காட்டி நன்றாகத் தேறியிருக்கக்கூடிய கார், ஒரு நட்டைக்கூடத் தொடாமல், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்ததாலேயே 4 சதவீதத்தை எட்டிவிடுகிறது. உங்கள் காரைக் கடைசியாக ட்யூனிங் செய்தது எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. கோயம்புத்தூராகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

என் ஜீப்புக்கும் இதே கதிதான் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கீழே ஓர் ஒர்க்‌ஷாப்பில் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக்கொண்டு வந்தேன்; மேலே பரிசோதனையில் 4.8 காட்டியது. கருவியில் இருந்த பையன் பரிதாபப்பட்டு, "சார், சும்மா விட்டுடலாமா?" என்றான். அவன் சொன்னதன் பொருள் அங்கே வருபவர்களுக்குத் தெரியும்: குழாயைச் சைலன்சருக்குள் முழுக்க விடாமல் வாசலில் பிடித்து, வெளிக்காற்றைக் கலந்து, அளவைக் குறைத்துக் காட்டுவது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே பானட்டைத் திறந்து, திருப்புளியால் கலவைத் திருகை கால் கால் சுற்றாக உள்ளே திருப்பிக்கொண்டே கருவியின் எண்ணைப் பார்த்தேன். 4.8 என்பது 4 ஆயிற்று, 3.3 ஆயிற்று, 2.6 ஆயிற்று, அதற்கு மேல் திருப்பியபோது இன்ஜின் இடறியது. 2.6இலேயே நிறுத்திக்கொண்டேன். பத்து நிமிட வேலை. சோதிக்காமலே சான்றிதழ் கொடுக்கும் இடங்கள் மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு. விலக்குக் கேட்பவர்கள் பலர் நடைமுறையில் அந்த விலக்கை ஏற்கனவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

உங்கள் காருக்குச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், குளிரில் இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக்கின் கம்பியைப் பாருங்கள். குளிர் ஊரில் அதை அடிக்கடி இழுப்பதால் கம்பி இறுகி, தள்ளினாலும் கார்ப்பரேட்டர் மேலுள்ள தட்டு முழுவதும் திறக்காமல் நிற்பது வழக்கம்; அது கால் பங்கு மூடியிருந்தாலும் எவ்வளவு ட்யூனிங் செய்தும் பயனில்லை. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். பாயின்ட் இடைவெளி, பிளக், டாப்பட் மூன்றையும் சரிபார்த்த பிறகே கார்ப்பரேட்டரில் கை வைக்க வேண்டும். பிளக் சரியாகப் பொறி விடாமல் போனால் கூடுவது கார்பன் மோனாக்சைடு அல்ல, ஹைட்ரோகார்பன். அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும். பிறகு இன்ஜின் நன்றாகச் சூடேற வெலிங்டன், அருவங்காடு வழியாகக் கேத்தி வரை ஓட்டிவிட்டு வாருங்கள். குளிருக்காகக் கதவைச் சாத்திய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்; அங்கே நிறைவது நாம் இத்தனை நேரம் சதவீதக் கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் அதே கார்பன் மோனாக்சைடுதான்.

சூடான இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, கலவைத் திருகை மெதுவாக உள்ளே திருப்புங்கள். இன்ஜின் இடறத் தொடங்கும் இடத்தில் நின்று, சீராகும் வரை மட்டும் வெளியே எடுங்கள். ஐடிலிங் வேகம் குறைந்தால் அதற்கான திருகைக் கொண்டு சரிசெய்யுங்கள். மெயின் ஜெட்டை மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். மலையை விட்டே இறங்காத வண்டிக்குச் சிறிய ஜெட் நல்லது. நீங்கள் கோயம்புத்தூருக்கும் போய்வருபவர் என்றால் தொட வேண்டாம்; சிறிய ஜெட்டோடு சமவெளியில் வேகமாகப் போனால் கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, வால்வு எரியும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தன்னுள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் கலவையை ஓரளவு லீன் பக்கம் தள்ளுகிறது. மலையின் ரிச் கோளாறுக்கு அது தற்செயலான மருந்து. ஆனால் பழைய ரப்பர் குழாய்களையும் டயஃப்ரத்தையும் அது அரிக்கும் என்பதால், அவற்றை மாற்றி எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். டிசம்பர் காலையில் சைலன்சரிலிருந்து வெள்ளையாக வருவது வெறும் நீராவி. இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். கருப்பு என்றால் கலவை ரிச். குன்னூரிலிருந்து பர்லியாறு வரை இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கல்லாறில் மீண்டும் மிதிக்கும்போது பின்னால் ஒரு நீலப் புகைமூட்டம் கிளம்பினால், இறக்கத்தில் வால்வு கைடு வழியாக ஆயில் உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஐடிலிங் பரிசோதனையில் அது பெரும்பாலும் பிடிபடாது. ஆனால் ஆயில் மட்டம் குறையும்போது நீங்களே பிடித்துவிடலாம். சைலன்சரில் ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள். அதன் வழியே வெளிக்காற்று கலந்து கருவியில் எண் குறைவாகத் தெரிவதை அதிர்ஷ்டம் என்று எண்ணிக்கொள்பவர்களை எனக்குத் தெரியும்.

டீசல் ஜீப் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குச் சோதனை வேறு; சூடான இன்ஜினில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள், பி.எஸ். 4க்கு முந்தைய வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. டர்போ இல்லாத இன்ஜினில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளுவதுதான் கரும்புகைக்குக் காரணம். மலையில் ஓடும் வண்டிக்குப் பம்ப்பின் அளவைச் சற்றுக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் இழப்பது கொஞ்சம்தான், எரியாத டீசல் எப்படியும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

பரிசோதனைக்குப் போகும் நாளில் ஒரு திருப்புளியைக் கையில் கொண்டுபோங்கள். குழாயை உள்ளே விட்டு எண் நிலைபெற்றதும் சான்றிதழுக்கு அவசரப்படாமல், திருகைத் திருப்பிப் பார்க்க ஐந்து நிமிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எண் 3க்குக் கீழே வந்த இடத்தில், திருகின் தலையில் உள்ள கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பெயின்ட் புள்ளியால் குறித்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது அரைச் சுற்று வெளியே, திரும்பி ஏறி வந்ததும் புள்ளிக்கு நேரே: என் ஜீப்புக்கு இந்த அளவு போதுமாக இருக்கிறது. பத்மினிக்கு எவ்வளவு என்பதை இரண்டு பயணத்தில் உங்கள் காதே சொல்லிவிடும்.